தகரச் சுவருக்கு இரண்டு பக்கம்

1

இந்தக் கதை என் கார் ஹாரனால் வந்தது. உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும், நேராக்கினால் நிற்கும். மூன்று நாள் வலது பக்கமாகவே திரும்பித் திரும்பி ஊரைச் சுற்றினேன். நான்காம் நாள் ஒரு பள்ளிக்கூட வாசலில் இடது பக்கம் திரும்பியே ஆக வேண்டி வந்தது. அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பிறகு சொல்கிறேன். (சொல்ல மாட்டேன்.)

அங்கிருந்து நேராக ஒரு வண்டி எலக்ட்ரிகல் பட்டறைக்குப் போனேன். அதை நடத்துகிறவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. எல்லோரும் ஒயரக்கா என்கிறார்கள்.

"உங்களுது அரை மணி நேர வேலைதான் சார். ஆனா இன்னைக்கு ஒரு லாரி நிக்குது. அது முடியாம உங்களத் தொட முடியாது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெண்மணி இருந்தார். மூக்கில் மெல்லிய குழாய். பக்கத்தில் சக்கரம் வைத்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர். எதிரே, மூக்கு நீண்ட பழைய மாடல் லாரி, பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. ஒயரக்காவின் மேல்பாதி எஞ்சினுக்குள் இருந்தது. கேபின் கதவு வழியாக ஓர் ஆணின் இரண்டு கால்கள் வெளியே தொங்கின. ஆள் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். இருவருக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்.

"இழு" என்றாள் அவள். கால்கள் அசைந்தன.

"நிறுத்து." கால்கள் நின்றன.

கால் மணி நேரமாக இதே இரண்டு சொற்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "யாரு அவங்க?" என்று பெஞ்சில் இருந்தவரிடம் கேட்டேன்.

"அண்ணன் தங்கச்சி. ஏழு வருஷம் கழிச்சு பேசிக்கிறாங்க." காது கொடுத்துக் கேட்டார். "இழு, நிறுத்து. ரெண்டு வார்த்தை ஆச்சு."

கதை எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஹாரனை மறந்துவிட்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்பதில்தான் தகராறு.

"கட்டைவிரல் தடிமனில் இருந்த அந்தக் கறுப்புக் கேபிள் ஒரு மலைப்பாம்பைப் போல—"

(வேண்டாம். கேபிளைப் பார்த்தவர்கள் எல்லாம் பாம்பு என்றுதான் சொல்கிறார்கள். அதோடு பாம்பு வளையும். இது வளையாது, அன்றைய பாதி வேலை அதை வளைப்பதுதான்.)

"மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே என்றும் ஒரு சுவர்—"

(இதுவும் வேண்டாம். மைக் பிடித்த மாதிரி இருக்கிறது.)

அந்தச் சுவருக்குப் பட்டறையில் ஃபயர்வால் என்று பெயர். வீட்டில் சொன்னபோது என் மகள், "லாரிக்கு எதுக்குப்பா வைரஸ் பயம்?" என்றாள். தீச்சுவர் என்று எழுதிப் பார்த்தேன். சண்டைப் படத் தலைப்பு போல இருந்தது. அதனால் தகரச் சுவர். எஞ்சினின் சூடும் புகையும் ஓட்டுகிறவர் மடியில் வந்து விழாமல் தடுக்கிற தகரம். சுவர் என்றதும் நீங்கள் அண்ணன் தங்கைக்கு நடுவே வேறு ஏதாவது சுவரைத் தேடத் தொடங்கியிருப்பீர்கள். தேடாதீர்கள். தகரம்தான்.

3

பெஞ்சில் இருந்தவர் லாரிக்காரனின் மனைவி. ஒயரக்காவுக்கு அண்ணி. இனி அண்ணி என்றே எழுதுகிறேன். மத்தியானத்துக்குள் எனக்கும் அப்படித்தான் ஆகியிருந்தார். நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுப் போயிருந்தது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின் ஒன்று, இடுப்பு உயரத்துக்கு, வீட்டில் இருக்கிறது. அதற்கு நாள் முழுக்கக் கரண்ட் வேண்டும். வெளியே வரும்போதுதான் இந்தச் சிலிண்டர்.

"மூச்சு கொஞ்சமாத்தான் சார் இருக்கு" என்றார். நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அதனால வம்பு மட்டும்தான் பேசுறது. நல்ல விஷயம் பேசி வீணாக்குறதில்ல."

பதினைந்து நாளில் பன்னிரண்டு நாள் கணவன் ரோட்டில் இருப்பான். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பகலில் கரண்ட் போனது. மாற்று சிலிண்டரின் திருகு இறுகிக் கிடந்தது. அண்ணியால் திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்ததாம். விஷயம் தெரிந்து ஓடி வந்த கணவன், லாரியை விற்றுவிடுகிறேன் என்றான்.

"வித்துட்டு? ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காரணும். இருக்கிற மூச்சும் போயிடும். நான் வண்டியில வர்றேன்னு சொன்னேன்."

வருவது என்றால் மெஷினும் வர வேண்டும். லாரி நிற்கும் நேரத்தில் சூடு தாங்க முடியாது என்பதால் ஒரு சின்ன ஏசியும் வேண்டும். இரண்டுக்கும் கரண்ட் தர, சீட்டுக்குப் பின்னால் ஓர் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டருக்கு பேட்டரியிலிருந்து தகரச் சுவரைத் துளைத்து வருகிற தடிக் கேபிள் இரண்டு. முதலில் பார்த்த எலக்ட்ரீஷியன், ஆக்ஸிஜன் பக்கத்தில் கரண்ட் வேலை தொடமாட்டேன் என்று கையை விரித்தான். அடுத்தவன் கதவு இடுக்கு வழியாக மெல்லிய ஒயரை இழுத்து டேப் சுற்றினான். அண்ணி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கணவனிடம் சொன்னார்: "உங்க தங்கச்சி போட்டா ஏறுறேன். வேற யார் போட்டாலும் ஏற மாட்டேன்."

இடி விழுந்தது மாதிரிதான் இருந்திருக்கும் அவனுக்கு. காரணம் இது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய முதல் லாரி நடுரோட்டில் எரிந்துபோனது. யாருக்கும் அடியில்லை. அதற்கு ஒயரிங் செய்தவள் தங்கை. அன்று சாயங்காலமே லாரி ஸ்டாண்டில் நாலு பேர் நடுவில், "என் தங்கச்சி ஒயரிங்ல எரிஞ்சு போச்சு" என்றான். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவள் பட்டறைக்கு ஒரு லாரி வரவில்லை. தண்ணீர் மோட்டாரும் டிராக்டர் டைனமோவும் பார்த்து வயிற்றைக் கழுவினாள். மெல்ல மெல்லத்தான் வண்டிகள் திரும்பின. அண்ணன் வரவில்லை. அவளும் போகவில்லை.

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன். "அவங்க போட்டதுதானே எரிஞ்சது?"

அண்ணி சிலிண்டர் மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டீ குடிக்கிறீங்களா சார்?"

4

நான் போவதற்கு முன் நடந்தது இது. கொஞ்சம் அண்ணி சொன்னது, கொஞ்சம் ஒயரக்கா சொன்னது, மிச்சம் என் கைச்சரக்கு.

முந்தின நாள் அவன் பட்டறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"உன் அண்ணி அனுப்பினா."

அவள் கையில் இருந்த டெஸ்டரைக் கீழே வைத்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஏழு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் தொண்டை வரை வந்தது. (ஒத்திகை பார்த்ததாக அவள் சொல்லவில்லை. யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?) வாயில் வந்தது வேறு.

"வண்டி எங்க?"

மறுநாள் காலையில் லாரியை நிறுத்தியதும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். ஒரு கயிறு எடுத்து பேட்டரியிலிருந்து சீட்டின் பின்பக்கம் வரை, கேபிள் போகப்போகிற வளைவெல்லாம் வளைத்து, அளந்தாள். வண்டியில் கொண்டுவந்திருந்த மெஷினைப் புரட்டி, எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று அடியில் இருந்த தகட்டைப் படித்தாள். இருப்பதிலேயே தடியான கேபிளை எடுத்தாள். இவ்வளவு தடி வேண்டாம் என்று அவன் சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை.

ஓட்டை எங்கே போடுவது என்பதுதான் சிக்கல். கம்பெனியே போட்டு அனுப்பிய ஓட்டையில் ஏற்கெனவே ஒயர்கள் பிதுங்கின. எஞ்சின் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. ஆனால் இந்தப் பக்கம் காலி என்றால் அந்தப் பக்கமும் காலியா? ஸ்க்ரூடிரைவர் பிடியால் தகரத்தைத் தட்டினாள். உள்ளே இருந்தவன் சத்தம் வந்த இடத்தில் கை வைத்தான்.

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

அவள் சுற்றி வந்தாள். அவனை எழுப்பிவிட்டுத் தானே படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லைதான். படுத்தபடியே, அவனை வெளியே போய்க் கண்ணாடியில் இருந்த வைப்பரைக் கையால் தள்ளச் சொன்னாள். உள்ளே ஒரு கம்பி நகர்ந்து, அவள் குறித்த இடத்துக்கு இரண்டு விரல் பக்கத்தில் வந்து போனது. மழை பெய்யும் ஏதோ ஒரு நாளில் மட்டும் கேபிளைப் போய் இடிக்கிற கம்பி. குறியை மூன்று விரல் கீழே இறக்கினாள்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எலுமிச்சம்பழ அளவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. தள்ளி, சின்னதாக மூன்றாவது.

"மூணாவது எதுக்கு?"

அவள் அரத்தால் விளிம்பை ராவினாள். விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தாள், மறுபடி ராவினாள். வெட்டின தகரத்தின் விளிம்பு பிளேடு மாதிரி. வண்டி ஆட ஆட கேபிள் அதில் உரசும். ஒரு மாதம் ஒன்றும் ஆகாது, ஒரு வருஷம்கூட ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். பிறகு ஒரு நாள் தோல் அறுந்து உள்ளே இருக்கும் செம்பு தகரத்தில் படும். பட்டால் தீ. அதனால் ஓட்டையைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டுத்தான் கேபிளை நுழைக்க வேண்டும். துருப் பிடிக்காமல் விளிம்புக்குப் பெயிண்ட் அடித்தாள். அது காய்கிற அரை மணி நேரம் அவள் மட்கார்டில் உட்கார்ந்திருந்தாள், அவன் கேபினில். இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாக அண்ணி சொன்னார்.

5

கவனித்திருப்பீர்கள். இதுவரை அண்ணனை "அவன்" என்றே எழுதி வந்திருக்கிறேன். வயதில் அவர் என்னைவிடப் பெரியவர். நேரில் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டேன். ஆனாலும் முதல் வரைவில் பேனா "அவன்" என்றது. தங்கையின் பிழைப்பில் மண் போட்டவன், ஏழு வருஷம் திரும்பிப் பார்க்காதவன், பெண்டாட்டி விரட்டியதால் வந்தவன். கதைக்கு ஒரு கெட்டவன் கிடைத்த நிம்மதி எனக்கு. உண்மையில் அப்படி ஓர் ஆள் இருப்பானா என்று ஒரு சந்தேகம் இருந்தது. அதைத் தள்ளி வைத்தேன்.

இரண்டாவது கேபிள் நுழையும்போதுதான் அந்த "அவன்" நிற்காமல் போனது.

கறுப்புக் கேபிள் ஏறிவிட்டது. சிவப்பு முரண்டு பிடித்தது. அவள் சோப்புத் தண்ணீர் தடவி எஞ்சின் பக்கமிருந்து தள்ளினாள்.

"இழு."

"இழுக்கிறேன்."

"நிறுத்து. முறுக்குது. கொஞ்சம் பின்னாடி விடு."

"விட்டாச்சு." பிறகு தகரத்துக்கு உள்ளிருந்து குரல் வந்தது. "இதுக்கு ரப்பர் போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"அன்னைக்கும் போட்டிருந்த."

அவள் கை கேபிளில் நின்றது. பெஞ்சில் என் பக்கத்தில் அண்ணி டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான்தான் எடுத்தேன் பாப்பா. ஃபேன் ஒயர் அந்த ஓட்டையில நுழையல. ரப்பரை அறுத்து எடுத்துட்டு அப்படியே சொருகிட்டேன். ரெண்டு மாசத்துல எரிஞ்சுது. ஸ்டாண்டுல கேக்கும்போது வாயில உன் பேர் வந்துடுச்சு. அப்புறம் அத எப்படி எடுக்குறதுன்னு தெரியல."

பட்டறைக்கு வெளியே ஒரு வண்டி போய், சத்தம் அடங்கியது.

"தெரியும்" என்றாள் அவள். "இழு."

கால்கள் அசையவில்லை. ரொம்ப நேரம் அசையவில்லை. அந்தக் கால்கள் கிடந்த கிடப்பைப் பார்த்தபோதுதான் என் பேனாவில் "அவர்" வந்தது. இனி மாற்ற மாட்டேன்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: அந்த ஃபேன் யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அண்ணியே சொன்னார். "அந்த வெயில்ல ஒரு ட்ரிப் நானும் போனேன் சார். காத்தே இல்லன்னு வழியெல்லாம் புலம்பினேன். அடுத்த வாரம் ஃபேன் மாட்டிட்டார். அதுல பாதி எரிச்சது நான்தான்." ரப்பரை அறுத்ததை உங்களிடம் அவர் முன்பே சொன்னாரா என்றேன். "இன்னைக்குத்தான் கேக்குறேன். ஆனா கூடப் படுத்து எந்திரிக்கிறவங்களுக்குத் தெரியாதா?" இந்தக் குறிப்பைக் கதைக்குள் எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன்.)

6

அவள் கை கழுவ வந்தபோது நான் குழாய் பக்கத்தில் போய் நின்றேன். வெட்கம்தான். ஆனால் கேட்காமல் வீட்டுக்குப் போயிருந்தால் தூக்கம் வந்திருக்காது.

"தெரியும்னு சொன்னீங்களே. எப்படி?"

"எரிஞ்ச வண்டிய மறுநாளே போய்ப் பாத்தேன். அந்த ஓட்டையில நான் போடாத ஒயர் ஒண்ணு இருந்துச்சு. மெலிசா. ரப்பர் கருகியிருந்தா அங்கேயே ஒட்டிக் கிடக்கும். ஒட்டல. அப்ப முன்னாடியே இல்ல."

"இத ஏழு வருஷமா யார்கிட்டயும் சொல்லலயா?"

"யாரு கேட்டா?"

சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கிரீஸ் போகவில்லை. இது உண்மையான பதிலாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனமில்லையா? தானாக வந்து சொல்லட்டும் என்ற வீம்பா? மூன்றாவதாக ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"என் மேலயும் தப்பு இருக்கு சார். கேபிளுக்குச் சரியா ஓட்டை போட்டேன். ஒரு ஒயர் நுழைய இடம் விடல. வண்டின்னா நாளைக்கு ஒண்ணு மாட்டத்தான் செய்வாங்க. லைட் போடுவாங்க, பாட்டு போடுவாங்க. இடம் இல்லன்னா அறுப்பாங்க. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

மூன்றாவது ஓட்டை எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அதற்கு நடுவில் துளையில்லாத ரப்பர் மூடி ஒன்றை அழுத்தியிருந்தாள். நாளைக்கு வருகிறவன் மூடியை எடுத்து, துளையுள்ள ரப்பரை மாட்டி, ஒயரை விட்டுக்கொள்ளலாம். எதையும் அறுக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நான் ஏதாவது அழகாகச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். மூன்று வரி எழுதினேன். அவள் போட்ட மூன்றாவது ஓட்டை எவ்வளவு தெளிவாக இருந்ததோ அவ்வளவு குழப்பமாக இருந்தன என் வரிகள். எடுத்துவிட்டேன்.

7

முடிவுக்கு வந்தாக வேண்டும். கையில் இருந்தவை இவை.

அண்ணன் கேபினிலிருந்து இறங்கி வந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். (அவர் இறங்கி வந்தது உண்மை. நேராகப் போய் ஸ்பேனரைத் துடைத்து எடுத்த இடத்தில் வைத்தார்.)

தங்கை, "இப்ப என்ன, ஸ்டாண்டுல போய்ச் சொல்லு" என்கிறாள். (எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அவள் சொல்லவில்லை. நான் சொல்லவைத்தால் அது என் கோபம், அவளுடையது இல்லை.)

மெஷினைப் போட்டதும் ஒரு பொறி பறக்கிறது, எல்லோரும் பதறி—

(இல்லை. அவள் வேலையை நான் கெடுக்க மாட்டேன். ஒரு முறை கெட்ட பேர் வாங்கியது போதும்.)

நடந்தது இதுதான். பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள், பெரிய ஃபியூஸ் ஒன்றை மாட்டினாள். கேபிள் ஆடாமல் இருக்க வழியெல்லாம் கிளிப் அடித்தாள். பேட்டரியை இணைத்தாள். அண்ணியைக் கைத்தாங்கலாக ஏற்றி, சீட்டுக்குப் பின்னால் இருந்த படுக்கையில் உட்காரவைத்தார்கள். மெஷின் ஓடியது. அண்ணி சிலிண்டர் குழாயைக் கழற்றிவிட்டு மெஷின் குழாயை மாட்டினார். இரண்டு மூச்சு இழுத்தார். இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க? வருது."

ஒயரக்கா சொன்னாள்: "இப்ப ஏசியும் போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாக்கணும். யாராவது ஒருத்தர் கேபிள் மேல கை வச்சுக்கிட்டே வரணும். சூடானா கைக்குத்தான் முதல்ல தெரியும்."

அண்ணன் ஓட்டும் இடத்தில் ஏறினார். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, குனிந்து, டாஷ்போர்டுக்கு அடியில் சிவப்புக் கேபிள் சுவரைத் தாண்டி வருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அண்ணி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"வர்றீங்களா சார்? இங்க படுக்கையில இடம் இருக்கு."

நான் போகவில்லை. ஒரு குடும்பத்தின் நடுவில் போய் உட்கார வேண்டாம் என்ற நாகரிகம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கதை எழுதுகிறவனுக்கு நாகரிகம் எதற்கு? லாரி கேட்டைத் தாண்டிப் போனது.

அரை மணி நேரம் என்றார்கள். ஐம்பது நிமிஷம் ஆனது. லாரி திரும்பி வந்து நின்றபோது ஓட்டும் இடத்தில் இருந்தவள் ஒயரக்கா. அண்ணன் பக்கத்து சீட்டில், இடுப்பை வளைத்து, டாஷ்போர்டுக்கு அடியில் கை நீட்டி, கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. எஞ்சினை அணைத்த பிறகும் மூன்று பேரில் யாரும் உடனே இறங்கவில்லை.

நான் விடவில்லை. என்ன ஆச்சு என்று மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்.

"ரோடு நல்லா இருந்துச்சு" என்றார் அண்ணி.

"நல்லா லோடு எடுக்குது" என்றாள் ஒயரக்கா.

அண்ணன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "சில்லுனு இருக்கு சார்."

மூன்றும் உண்மை. எதுவும் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. எந்த இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார்கள், யார் முதலில் பேசினார்கள், எதற்காக இருவரும் இடம் மாறினார்கள் என்பதைக் கற்பனையாக எழுத என்னால் முடியும். ஐந்து விதமாகக்கூட எழுதுவேன். எழுதப் போவதில்லை. அந்தப் படுக்கையில் எனக்குக் கொடுத்த இடத்தில் நான் உட்காரவில்லை. அங்கே உட்கார்ந்ததுபோல் பேச எனக்கு உரிமையில்லை.

இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். படி உயரம், கைப்பிடி கதவை ஒட்டி இருக்கிறது. மெஷின் சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்காது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள்.